தொண்ணூறுக்குக் கீழே

பச்சையும் ஆரஞ்சும் அடித்த கல்யாண மாளிகை.
மூன்றாம் மாடியில் சாரம் சரிந்தது.
கண்ணாடி இன்னும் பொருத்தாத ஜன்னல்களைக் கடந்து
ஃபெர்மின் சோக்கே கீழே வந்தார்.
வயது நாற்பத்தொன்று. கொத்தனார்.
சட்டைப்பையில் பென்சில் உடையவில்லை.

எல் ஆல்ட்டோவில் இரவு இரண்டே கால்.
டாக்டர் உர்கிடி கணினியில் கட்டங்களை நிரப்புகிறார்.
நான் பார்த்துச் சொல்கிறேன்:
இடது கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குகிறது,
வலது சுருங்கவில்லை.
நகத்தை அழுத்தினால் கையை இழுத்துக்கொள்கிறார்.
ஸ்கேனில் மூளையின் நடுக்கோடு
ஆறு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது,
அவர் பார்த்திருந்தால் இடித்துக் கட்டச் சொல்லியிருப்பார்.
ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதா?
எண்பத்தேழு.
ஆம் என்று ஒரு சொடுக்கு.

ஆறு மாதத்தில் மரணம்,
அல்லது பிறர் கையை எதிர்பார்க்கும் பிழைப்பு:
நூற்றுக்கு அறுபத்தெட்டு.

வெளியே பெஞ்சில் சாத்துர்னினா,
ஞாயிற்றுச் சந்தையில் பழைய போல்ட்டும் நட்டும் விற்பவள்.
டாக்டருக்கு அய்மாரா வராது.
அவள் ஸ்பானிஷ் பேரம் பேசும் அளவுக்குத்தான்.
நடுவில் நான்.

"எதிர்காலத்தைப் பார்த்தால்" என்று தொடங்குகிறார்,
ஏதோ அது எதிரே வந்து நிற்பதுபோல.
எங்கள் பேச்சில் கண்முன் இருப்பது நேற்று.
நாளை முதுகுப் பக்கம்.
பின்னால் வருவதைப் பார்க்க
யாருக்கும் பிடரியில் கண் கிடையாது.
ஃபெர்மினுக்குப் பிடரியில் பதினான்கு தையல்.

நான் சொன்னேன்: முதுகுக்குப் பின்னே நூறு பேர்,
இவரைப்போலவே விழுந்தவர்கள். அதில் அறுபத்தெட்டுப் பேர்…
வினைச்சொல்லில் நின்றுவிட்டேன்.
கண்டதைச் சொல்ல எங்களுக்கு ஒரு விகுதி,
கேட்டதைச் சொல்ல வேறொன்று.
கணக்கு சொன்னதற்கு எது?

அவள் அழவில்லை. விலை கேட்பவள்போலக் கேட்டாள்:
"அந்த நூறு பேர் எந்த ஊர்?"
பல நாடு, என்றார் டாக்டர்.
கடலோர நகரங்கள் அதிகம்.
"இங்கே ஏறி வந்தால் அவர்களுக்கு மூச்சு நிற்குமா?"

டாக்டர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
பிறகு என் விரலில் கருவியை மாட்டினார்: எண்பத்தெட்டு.
அவள் விரல்: எண்பத்தாறு.
தன் விரல்: எண்பத்தொன்பது.
வாசலில் தூங்கிய காவலாளியை எழுப்பி மாட்டினார்,
திருடிவிட்டதாக நினைத்து அவர் சத்தம் போட்டார். எண்பத்தெட்டு.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
எல்லோருமே தொண்ணூறுக்குக் கீழேதான் இருந்தோம்,
நின்றுகொண்டு, பேசிக்கொண்டு.

உள்ளே போய் அந்தக் குறியை நீக்கினார்.
ஐம்பத்தேழு.
ஒரு சொடுக்கில் பதினோரு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்.
ஃபெர்மின் அசையவில்லை.

நவம்பரில் படிவம் வந்தது.
தனியாகச் சந்தைக்குப் போவாரா?
போவார். ஊதாக் கம்பிவண்டியில் ஏறுவார்,
இறங்க மறந்து பள்ளத்துக்கும் மேட்டுக்கும்
நாலு தடவை போய்வருவார். யாராவது போன் செய்வார்கள்.
வேலை? கலவை குழைக்கிறார். மேலே ஏற விடுவதில்லை.
பழையபடி இருக்கிறாரா?
சாத்துர்னினா யோசித்தாள்.
"வந்திருப்பது அவருடைய தம்பி மாதிரி இருக்கிறது.
கோபக்காரத் தம்பி. சூப்பில் வாசனையே இல்லை என்று
கிண்ணத்தைத் தள்ளுகிறார்.
ராத்திரியில் என் விரல்களை எண்ணுகிறார்.
எண்ணட்டும்."

தம்பிக்குக் கட்டம் இல்லை.
சாதகம் என்று குறித்தேன்.
கண்டதற்கான விகுதியோடு அதை உரக்கச் சொன்னேன்,
யாரும் கேட்காதபோதும்.

இனி எங்கோ விழப்போகிற ஒருவருக்கு
அந்த நூறில் இவரும் இருப்பார், எண்பத்தேழோடு.
கையெழுத்துப் போடச் சொன்னேன்.
கோட்டை விட்டு மேலே போட்டார்.
கோடு கோணல் என்றார்.