தனிப்பொதி

ஃபலஜ் அல் கபாயில், சோஹார். கேம்ப் அறை பதினான்கு.
ஆறு கட்டில், ஒரு பிளக் பாயின்ட்.
அதில் நேற்று மாலையிலிருந்து என் மடிக்கணினி
ஓர் உலாவியைச் சமைத்துக்கொண்டிருக்கிறது.

சமைப்பதென்றால் சமைப்பதுதான்.
இந்த லினக்ஸில் எதுவும் சோறாக வராது,
அரிசியாக வரும். மூல நிரலை இறக்கி
நாமே உலை வைக்க வேண்டும்.
ஒன்பது மணி நேரம். அதற்குள்
ஏசியும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடினால்
எல்லாம் ட்ரிப்.

"கடையில சாப்பாடு எடுக்கலாம்தானே?" என்பான் துஷ்யந்தன்,
மன்னார்க்காரன், கிரேன் ஓட்டுகிறவன்.

முன்பு உலை வைத்தால்
எண்பத்தேழு மொழியும் சேர்ந்தே இறங்கும்.
'சேமி' என்பதை ஐஸ்லாந்தில் எப்படிச் சொல்வார்கள் என்பது
என் வட்டில் இடம் பிடித்துக் கிடந்தது.
யாரும் படிக்கவில்லை. அழிக்கவுமில்லை.

பிரித்தது நான்தான்.
சம்பளமில்லாத பொறுப்பு, வெள்ளிக்கிழமைகளில்.
மஸ்கட் விமான நிலையத்தில்
முப்பத்து நான்கு கிலோ காட்டிய பெட்டியைத்
தரையில் கிடத்தித் திறந்து,
கம்பளி இதில், பால்மாவு டின் அதில் என்று
பின்வரிசை முறைக்க முறைக்க
மாற்றி அடுக்குவோமே, அதே வேலை.
நிரல் ஒரு பொதி. ஒவ்வொரு மொழியும் தனிப்பொதி.
கேட்டவனுக்குக் கேட்டது.
கேட்காதவனுக்கு ஆங்கிலம்.
அதை மட்டும் யாரும் கேட்க வேண்டியதில்லை.

தமிழ்ப்பொதி முந்நூற்று நாற்பது கேபி.
அதில் பாதி சண்டை.
'அழி' என்று எழுதியிருந்தேன்.
துஷ்யந்தன் திரையைப் பார்த்தான்.
"நீக்கு எண்டு போடுங்கோ.
அழி எண்டால் வேறை."
வேறு என்ன என்று நான் கேட்கவில்லை. மாற்றினேன்.

'ஹோம்' பொத்தானுக்கு 'இல்லம்' என்றதும்
இருவருக்கும் சிரிப்பு,
கட்டில் எண் நான்குக்கும் ஐந்துக்கும்.
அந்த வரியை வெறுமையாக விட்டோம்.
வெறும் வரி ஆங்கிலத்தில் நிற்கும்.
பிழையல்ல, விதி.

இரண்டே முக்காலுக்கு யாரோ இஸ்திரி போட்டார்கள்.
இருட்டு.
பாட்டரி செத்து மூன்று வருடம்.

மறுபடி முதலிலிருந்து உலை.
ஆனால் மொழிக்கு உலை வேண்டாம், அவிழ்த்தால் போதும்.
இமைப்பதற்குள் ஏறிவிட்டது:
இன்னும் இல்லாத உலாவிக்குத்
தமிழ் மட்டும் தயார்.

இஸ்திரி போட்டது ரஃபீகுல்.
மன்னிப்புக் கேட்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து
தன்னுடையது எவ்வளவு என்றான்.
வங்காளம், நானூற்றுப் பத்து.
நிலம் வாங்கியவன்போல் தலையாட்டினான்.

மேல் கட்டிலிலிருந்து தில் பகதூர் இறங்கி வந்தான்.
நேபாளிக்குப் பொதி இருந்தது,
பெயர், பதிப்பு எண் எல்லாம் சரியாக.
திறந்தால் ஒரு வரிகூட இல்லை.
எவரோ தொடங்கிவிட்டு எங்கோ போயிருக்கிறார்.

நான் எழுதிய விதிப்படி
காலிப் பொதியைக் கழித்துவிட வேண்டும்.
சொன்னேன்.
சீருடைப் பொத்தான் போட்டபடி
கேம்ப் இந்தியில் கேட்டான்,
"இடம் பிடிக்காதுதானே?
இருக்கட்டும், ஏற்று."

வெளியே நாலு மணி பஸ்ஸின் ஹாரன்.
ஏற்றினேன்.
ஒரு பிழையும் வரவில்லை.