டிரம் மூடி

எட்டு நாளைக்கு ஒருக்கா சிறுவாணி.
வந்த அன்றைக்குப் பிடித்து வைத்தால்தான் வாரம் ஓடும்.
போத்தனூரில் எங்கள் வாசலோரம் நீல டிரம்,
அதன் மேல் நான் கவிழ்த்து வைத்திருந்தது
நடுவில் ஓட்டை விழுந்த பெரிய வட்டல்.
ஓட்டைக்குப் பழந்துணி அடைப்பு.

மாடியில் குடியிருந்த ஆர்க்கெஸ்ட்ராக்காரர்
இரண்டு மாத வாடகைக்கு ஈடாக விட்டுப் போனது.
ரசீதுப் புத்தகத்தில் அவருக்குப் பெயர் இல்லை,
'மேல் போர்ஷன்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஐப்பசியில் கொசுப்புழு பார்க்க ஒரு பெண் வந்தாள்.
கழுத்தில் மாநகராட்சி அட்டை, ஜெசிந்தா.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மூடியைத் தூக்கியவள்
டிரம் விளிம்பில் லேசாக இடித்துவிட்டாள்.

அடங்கவே இல்லை அது.
ரயில் போன பின்பும் தண்டவாளம்
சித்த நேரம் தனக்குள் பேசுமே, அப்படி.
எதிர்வீட்டு நாய் படுத்த வாக்கிலேயே காதைத் திருப்பியது.
தூக்கிய கை தூக்கியபடி நின்றாள்.
புழுவை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

"அக்கா, இது சிம்பலுங்க. சர்ச்சுல நான்தான் டிரம்ஸு.
ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு தராசோட வாறனுங்க.
அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணிறாதீங்க."

ஒன்றும் பண்ணாதே என்றால் கை சும்மா இருக்குமா?
விற்கிற பண்டத்தை அழுக்கோடா கொடுப்பது?
சனி ராத்திரி புளி கரைத்தேன்.
பாதி தேய்த்திருப்பேன், கரண்ட் போனது.
அந்த மின்வாரியத்துக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் பார்த்தாள்.
ஒரு பாதி கல்யாணச் சீர்க் குடம்,
மறு பாதி காய்ந்த கொட்டைப்பாக்கு.
திட்டியிருந்தால் தேவலை.
செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.
"இந்தக் கறையும் சத்தந்தானுங்க்கா,"
அவ்வளவுதான் சொன்னாள்.

தையல் டேப்பில் இருபது அங்குலம்.
கறிக்கடையில் இரவல் வாங்கி வந்த தராசில்
இரண்டு கிலோ நாற்பது கிராம்.
விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டினாள், விரிசலுக்கு.
நகம் எங்கேயும் தட்டவில்லை.
நடு ஓட்டை வட்டம் தப்பி, சாவித் துவாரமாய் இழுத்திருந்தது.
"ரொம்ப அடிச்சிருக்காருங்க இதை."
வெயிலில் சாய்த்தபோது
சுத்தியல் கொத்துகள் அம்மைத் தழும்பாய்த் தெரிந்தன.

மையில் இருந்த பெயர் புளியோடு போய்விட்டது.
அழுத்திய முத்திரை மிச்சம், கண்ணுக்குத்தான் தெரியவில்லை.
ரசீதுத்தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.
வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க
ஏழு வெளிநாட்டு எழுத்து எழுந்து வந்தது,
எட்டாவதில் பாதி.

பிறகு திருப்பினாள். குமிழின் உட்புறத்தில்,
ஆணியால் கீறிய கோணல் தமிழ்:
'தாராபுரம் 300 பாக்கி.
காங்கயம் முழுசும் பாக்கி.'

அந்த மாதங்களில் நான் மாடிப்படி ஏறி
இரண்டு முறை கதவைத் தட்டியிருக்கிறேன்.
மூன்றாம் முறை குரலை உயர்த்தினேன்.

வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, பழைய பனியன்.
வரி போகிற போக்கிலேயே துணியை விட்டாள்,
குறுக்கே ஒரு தடவைகூட இல்லை.
நான் பளபளக்க வைத்த பாதியைத் தொடவே இல்லை.
"அது தானாக் கருக்குமுங்க. நம்ம காலத்துல இல்ல."

விலை சொன்னாள்.
"கை வெக்காம இருந்தா முப்பதாயிரங்க.
இப்ப இருபது.
எங்கிட்ட இருக்கறது ஆறு."

பேரம் பேசத் தெரிந்த குடும்பம் எங்களுடையது.
ஆனாலும் இருபதைப் பிடித்துக்கொள்ள வாய் வரவில்லை.
புளி என்னுடையது, தாராபுரம் அவருடையது,
சம்பளம் இவளுடையது, தினக்கூலி.
பன்னிரண்டு என்றேன். மிச்சம் மாசம் ஐந்நூறு.

துணி சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனாள்.
மேட்டில் ஏறும்போது ஒரு தடவை கிணுங்கியது.

நூற்றுப் பத்து ரூபாய்க்குப் பிளாஸ்டிக் மூடி வாங்கினேன்.
மாதம் தவறாமல் வருகிறாள்,
மருந்துத் தாளில் மடித்த ஐந்நூறோடு.
புழு பார்க்க மூடியைத் தூக்கி
விளிம்பில் வேண்டுமென்றே ஒரு இடி இடிக்கிறாள்.
தொப்.
இருவரும் கொஞ்ச நேரம் கேட்கிறோம்.