இரண்டாவது குறி

நெல்லூர்ப்பேட்டை வீடியோ கடையில்
ராத்திரிக்கு அறுபது ரூபாய் டெக் வாடகை.
கொண்டுவந்து மாட்டிக்கொடுத்த இம்தியாஸ் சொன்னான்:
"ஓட்டி ஓட்டிப் பாத்து ஏன்க்கா கண்ணக் கெடுத்துக்கினு.
ரெக்கார்டு அமுக்கின எடத்துலல்லாம்
டேப்புல ஒரு குறி வுழுந்திருக்கும்.
இந்த பட்டன அமுக்கு,
மிஷினே தேடிக்கினு போய் நிக்கும்."

தேடியது ஒரு பீரோவை.
பாகம் பிரிக்கிறார்கள்.
தறி நாலும் ரெண்டு ரெண்டாகப் போயிற்று,
கிரைண்டர் எனக்கு, சைக்கிள் மச்சினருக்கு.
கண்ணாடி வைத்த பச்சை பீரோ மட்டும்
யாருக்கும் போகாமல் கூடத்துக்கு வந்து நிற்கிறது.

எங்கம்மா வூட்டு சீர் என்றாள் ஓரகத்தி குணவதி.
என்னுடையது என்றேன்.
ஆம்பூரிலிருந்து தாய்மாமன் அனுப்புவதாகச் சொன்ன பீரோ.
நான் வந்தபோது அறையில் நின்றது,
அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன்.
அவரும் ஒன்பது வருசமாக
இல்லை என்று சொன்னதில்லை.

"கேசட்டு கீது இல்ல, போட்டுப் பாத்துடலாம்."

முதல் குறி. நான்.
தலை குனிந்தபடி அரைமணி நேரம்,
வகிடு மட்டும் தெரிகிறது.
மொய், பந்தி,
சாம்பார் வாளிக்குப் பின்னால் ஓடும் ஒரு குழந்தை.
சீர் வரிசையில் அண்டா, குத்துவிளக்கு, மேசை ஃபேன்.
பீரோ இல்லை.
பாத்தியா என்று சொல்லிவிட்டு
உலை பொங்குதென்று குணவதி உள்ளே போனாள்.

ஏன் மறுபடி அமுக்கினேன் தெரியாது.
மிஷினுக்குள் எதுவோ அரைபட்டது, வெகுநேரம்.
பிறகு நின்றது.

அதே மண்டபம்.
அதே தெர்மாகோல் எழுத்தில் என் வீட்டுக்காரர் பெயர்,
சம்பங்கி.
ங-வுக்கு மேல் புள்ளி உதிர்ந்திருக்கிறது
என் கல்யாணத்தில் உதிர்ந்திருந்தது போலவே.
பக்கத்தில், நான் இருக்க வேண்டிய இடத்தில்,
நவநீதம்.

மூணு மாசம் இருந்தாள், போய்விட்டாள் என்று
பெண் பார்க்க வந்தன்றே சொன்னார்கள்.
எங்கே என்று எங்கள் வீட்டில்
யாரும் கேட்கவில்லை. நானும்.

புதுக் கேசட் வாங்கத் துட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.
அவள் தாலியின் மேல் என் தாலி,
அவள் மெட்டியின் மேல் என் மெட்டி ஏறி
எல்லாம் அழிந்தது.
என் கல்யாணம் கொஞ்சம் சின்னது.
அந்தக் குறைச்சலில்
பதினோரு நிமிசம் தப்பித்து நிற்கிறாள்.

பீரோவுக்கு ரிப்பன் கட்டி
நாலு மூலையிலும் குங்குமம்.
லைட்டுக்காரன் விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பி அடிக்க
அவள் கண்ணைச் சுருக்கிச் சிரித்து
நெற்றி மயிரை ஒதுக்குகிறாள்.
அவர் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்,
என்னோடு நின்றபோதும் அதைத்தான் பார்த்தார்.
ஓரத்தில் தாம்பாளத்தோடு, ஒல்லியாக,
குணவதி.

பிறகு இரைச்சல். வெறும் புள்ளிகள்.
அமுக்கின இடத்துக்கெல்லாம் குறி போடுகிற மிஷின்
நிறுத்தின இடத்துக்குப் போடுவதில்லை.

திரும்பிப் பார்த்தேன்.
கூடத்து பீரோவின் கண்ணாடியில்
டிவிப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன.

"கெடச்சுதா?"
அடுப்படியிலிருந்து கேட்டாள்.
குரலில் கேள்வி கம்மியாக இருந்தது.

டேப் தானாகத் தலைக்குத் திரும்பிற்று.
கேசட்டை எடுத்தேன், சூடாயிருந்தது.
முதுகில் ஓரமாய் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு உண்டு,
அதை ஒடித்துவிட்டால்
மேலே எதையும் ஏற்ற முடியாது என்று
இம்தியாஸ் போகிறபோக்கில் சொல்லியிருந்தான்.

கொண்டை ஊசியை உருவினேன்.
"டக்"கென்று வந்துவிட்டது.