பதினொன்றரை வோல்ட்

இருக்கைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்.
முதலாவது ஈயம்.
நோவு வந்தால் முனகும்,
எண் மெல்ல மெல்ல இறங்கும்,
யோசிக்க நேரம் தரும்.
இரண்டாவது லித்தியம். கல்லுளிமங்கன்.
கடைசிச் சொட்டு வரை பதின்மூன்று என்றே சாதிப்பான்;
பிறகு ஒரே இருட்டு.

லித்தியத்தின் முதுகில்
ஸ்வவோமிர் ஒட்டிய வெள்ளை நாடா:
"இரண்டு மணி பத்து நிமிடம்."
காரின் முகப்பு விளக்கை அதில் மாட்டி எரியவிட்டு
அது அணையும்வரை காவல் இருந்து எழுதியது.
அதன் கீழே பொடி எழுத்தில்:
"அடுப்படியில்."

நான் இருப்பது அடுப்படியில் அல்ல.
நவம்பர். ஷ்னியெஷ்காவின் பின்புறம்.
செக் பக்கமிருந்து மலையேறி வந்த காற்று
யெலெனியா கூராவின் கூரைகளுக்கு மேல்
ஓசையில்லாமல் எழுந்து நிற்கிறது.
அதன் நெற்றியில் நான்.
வெளியே சுழியத்துக்குக் கீழே இருபத்துநான்கு.
விதானத்தின் உட்புறத்தில் என் மூச்சு
பூப்பூவாய் உறைகிறது,
கையுறையால் தேய்த்தால் மறுபடி பூக்கிறது.

என்ஜின் இல்லாத வண்டி.
ஆகவே டைனமோ இல்லை.
கட்டிக்கொண்டு வந்த சோறுதான்.
தின்னும் வாய்கள் ஐந்து:
ஆக்சிஜன் வால்வு, ரேடியோ,
ஏற்றத்துக்குக் கூவும் வேரியோ,
ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர்,
அப்புறம் அந்த வண்ணத் திரை.
தீனிப்பண்டாரம்,
மற்ற நாலும் சேர்ந்து தின்பதைத் தனியே தின்னும்.

ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது மீட்டரில்
ஈயம் முனகியது.
பதினொன்றரை.
விசையைக் கீழே தள்ளினேன்.
பதின்மூன்று என்றான் கல்லுளிமங்கன்.
நம்பவில்லை.

விதி எளிது, நானே பாடம் எடுத்திருக்கிறேன்:
அதிகம் தின்பதை முதலில் அணை.
ஆனால் திரையின் வயிற்றுக்குள்தான்
பதிவுக்கருவி இருக்கிறது.
இன்னும் நூற்றறுபது மீட்டர்
அது பார்த்துக்கொண்டிருந்தால்
ஒன்பது வருடமாய் என் சட்டையில்
காலியாக இருக்கும் இடத்துக்கு ஒரு வைரம்.
வினாடிக்கு ஒரு மீட்டர் ஏற்றம்.
மூன்று நிமிடம்கூட இல்லை.

இறங்க எத்தனை நிமிடம்?
இடையில் மேகம் மூடினால்?
வால்வு நின்றால், எண்ணத் தெரியாத தலையோடு
நான் எதை எண்ணுவேன்?
கணக்குப் போட்டேன்.
போட்டதையே மறுபடி போடுகிறேன் என்பது
நாலாவது முறைதான் தெரிந்தது.

அணைத்தேன்.

வேரியோ கூவிக்கொண்டே இருந்தது.
மின்சாரம் கேட்காத பழைய உயரமானியில்
முள் நடந்தது: ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்,
ஆறாயிரம், அப்புறமும் கொஞ்சம்.
ரேடியோவில் பிராகாவிலிருந்து ஒரு பெண் குரல்,
சளி பிடித்திருந்தது அவளுக்கு:
"மட்டம் இருநூறு. உங்களைக் காண்கிறேன்."
"நன்றி" என்றேன்.
தேவைக்கு மேலேயே நன்றாகச் சொன்னேன்.

இறங்கியதும் ஸ்வவோமிர்
இறக்கையைப் பிடித்தபடி கேட்டான்:
"எவ்வளவு?"

"பதினொன்றரை" என்றேன்.
அவன் ஈயப் பெட்டியைக் கழற்றி
குழந்தையைத் தூக்குவதுபோல் அல்ல,
உருளைக்கிழங்கு மூட்டைபோல் தோளில் போட்டு
சார்ஜருக்குக் கொண்டுபோனான்.
நான் நாடாவில் "அடுப்படியில்" என்பதை அடித்துவிட்டு
பேனா உறைந்திருந்ததால்
அடுத்த சொல்லை எழுத முடியாமல் நின்றேன்.