ஒரு கால் மடங்கிய கீறல்

செவாஸ்தியானுக்கு வேண்டியது ஒரே ஒரு தாள்.
நம் வம்சத்தில் ஒருத்தி
பிரெஞ்சு மண்ணில் பிறந்தாள் என்று
முத்திரை குத்திச் சொல்லும் தாள்.
அவனுக்குப் பாரீசில் வேலை காத்திருக்கிறது.
எனக்கு வியாழனும் வெள்ளியும் விடுப்பு இருந்தது.
அதனால் நான் போனேன்.

பாகூர்ப் பதிவேடு, ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று.
செல்லரித்த ஓரத்திலிருந்து
இரண்டு விரற்கடை தள்ளித்
தப்பித்திருந்தாள் அவள்:
தெயெல் நயாகி.
எழுதிய துரையின் நாக்கில்
தையல்நாயகி நுழையவில்லை போல.
வயது பத்தொன்பது இருக்கலாம்.
தாய் செத்துப்போனாள், பெயர் கேட்கவில்லை.
குடியிருப்பு: எல்லை.
எந்த ஊர் எல்லை, எந்தத் தெரு, ஒன்றுமில்லை.
வெறும் எல்லை.
சிரித்துவிட்டேன், பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்தார்.

பெற்றது பெண் குழந்தை.
தகப்பன் பெயருக்கு நேரே
பேனா தயங்காமல் இழுத்த கோடு.
அடியில் அவள் வைத்த கீறல்:
பெருக்கல் குறிதான், ஆனால்
ஒரு கால் மட்டும் உள்ளே மடங்கி,
சேற்றில் நிற்கும் கொக்கு மாதிரி.

சின்னப்பா சொல்வார், அந்தத் தகப்பன்
புர்போன் தீவுக்குக் கப்பலேறிய கூலி என்று.
பெரியப்பா சொல்வார், சாவடியில் காவல் நின்ற சொல்தா என்று.
இருவரும் இதற்காக
ஒரு கல்யாணத்தில் இலையிலிருந்து எழுந்திருக்கிறார்கள்.
கோடு யார் பக்கமும் சாயவில்லை.

அவ்வளவோடு திரும்பியிருக்கலாம்.
தாய் பெயர் கேட்கவில்லை என்பது உறுத்தியது.
மறுநாள் மஞ்சக்குப்பம் போனேன்.
ஆவண அறை வேதரத்தினம்
டீ குடிக்கப் போனவர் மூன்று மணிக்கு வந்தார்.
தாய் அங்கேயும் இல்லை.
உப்புக் குற்றங்கள் என்ற கட்டில்
தையலி என்று ஒருத்தி இருந்தாள்.

தூளியில் பிள்ளை.
பிள்ளைக்கு அடியில் உப்பு, முக்கால் மரக்கால்.
பிள்ளை அழாமல் இருந்ததால்
சேவகனுக்குச் சந்தேகம் வந்ததாம்.
அபராதம் இரண்டு ரூபாய்.
'இனி உப்போடு வாய்க்கால் தாண்டேன்' என்று முச்சலிக்கா.
கீழே அதே கீறல், மடங்கிய கால்.
ஆடி மாதம் அதே முச்சலிக்கா.
ஐப்பசியில் அதே முச்சலிக்கா.
தையில் எழுத்தன் சலித்துப்போய்
'மேற்படி' என்று மட்டும் எழுதியிருந்தான்.
மேற்படிக்குக் கீழும் கொக்கு நின்றது.

நான்காவது தடவை
அவள் வாய்மொழியை யாரோ முழுதாக எழுதிவைத்தான்,
என்ன நினைத்தானோ, நன்றாயிருக்கட்டும்:

"எசமான், எல்லைக்கல் எங்கள் சுவருக்குள் இருக்கிறது.
வாசல் பறங்கி வசம். அடுப்பு துரைத்தனத்து வசம்.
வாசலில் வாங்கின உப்பைக்
குழம்பில் போட்டால் குற்றமா?
போடாமல் தின்றுகாட்டுங்கள், அபராதம் கட்டுகிறேன்.
இந்தப் பிள்ளையைக்கூட
அடுப்பங்கரையில்தான் பெற்றேன்.
இதற்கு எவ்வளவு தீர்வை?"

மறுபடி படித்தேன்.
அடுப்பங்கரையில்.
மின்விசிறி சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.
செவாஸ்தியானின் பாரீசு
ஒரு சமையற்கட்டின் தவறான பக்கத்தில்
தொப்புள்கொடி அறுபட்டுக் கிடந்தது.

"நகல் வேணுமா?" என்றார் வேதரத்தினம்.
ஒன்று போதும் என்றேன்.

முள்ளோடையில் எதிர்ப்பக்கப் பேருந்தை நிறுத்திப்
பைகளைக் குடைந்துகொண்டிருந்தார்கள், சீசாவுக்காக.
ஒருவன் வேட்டியை உதறிக்காட்டினான்.
புதுச்சேரிக்குப் போகும் எங்கள் வண்டியில்
யாரும் ஏறவில்லை.
இருந்தும் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.
சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்
நான்காக மடித்து இருந்தது.

அரியாங்குப்பம் பாலத்தில் போன் வந்தது.
"கெடச்சுதாக்கா?"

"பாகூர்ல கெடச்சுது" என்றேன்.