இரண்டு விரல் இடைவெளி

வேலைச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
ஏரி நடைபாதை. பதினேழாவது பலகை.
தடுக்கி விழும் அபாயம்.

போய்ப் பார்த்தால்
பலகையைக் கீழிருந்து முட்டிக்கொண்டு
ஒரு முழங்கால்.

சைப்ரஸ் நிற்பதோ ஏழெட்டு அடி தள்ளி, தண்ணீருக்குள்,
கொசுவம் வைத்த சேலை மாதிரி அடிமரத்தோடு.
அதன் வேர் சேற்றுக்கடியில் சத்தமில்லாமல் வந்து
இங்கே எழுந்திருக்கிறது.
செம்பழுப்பு. பலகை உரசிய உச்சி மட்டும்
தோல் வழன்று வெளுத்திருந்தது.

ரோஸ்லி சுங்கை பூலோ சதுப்பில் ஆறு வருஷம் நின்றவன்.
"அங்கே வேர் பென்சில் மாதிரி நிற்கும், மூச்சு விட.
இது எதுக்கு?"

கைப்பேசியில் தேடினேன்.
மூச்சுக்குத்தான் என்கிறார்கள்.
இல்லை, சேற்றில் சாயாமலிருக்க என்கிறார்கள்.
வெட்டியும் பார்த்தார்களாம்,
மரம் ஒன்றும் சொல்லவில்லையாம்.

"அப்போ வெட்டலாமே."

வெட்டலாம்தான்.
ரம்பம் வண்டியில் இருந்தது.
பலகையையா, வேரையா,
சீட்டு அதைச் சொல்லவில்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.
கூடாரத்தில் ஒதுங்கி, பையில் கட்டிய கோப்பியை உறிஞ்சினோம்.
குளிர் வந்தால் இலை உதிர்க்கும் இனம் இது.
இங்கே குளிருக்கு எங்கே போக?
ஒரு கிளை பழுத்திருக்க, பக்கத்துக் கிளை துளிர்த்திருக்க,
நாள்கணக்கு இல்லாமல் உதிர்த்துக்கொண்டே நின்றது.
சீப்புப் பல் போல ஓர் இலை
காற்றில் வந்து ரோஸ்லியின் கோப்பியில் விழுந்தது.
எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தான்.

மழை விட்டதும்
முழங்கால் போட்டு முழங்காலை அளந்தேன்.
சுற்றளவு முப்பத்தெட்டு.
பலகையில் அதற்கு ஒரு வட்டம்,
அதற்கும் வெளியே
இரண்டு விரல் விட்டு இன்னொரு வட்டம்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"தெரியாது."

மரத்தூள் தண்ணீரில் இறங்கியது.
மீன்கள் வந்து வாய் வைத்து ஏமாந்து போயின.

பலகை படிந்தது. ஓட்டை வழியே
அது தலையை நீட்டியது,
யாரோ கூப்பிட்டு வந்ததுபோல.
சுற்றிலும் மஞ்சள் பெயிண்ட் அடித்தான் ரோஸ்லி,
ஒரு வட்டம் கோணலாய்.
எழுந்தபோது என்னுடையது சடக்கென்றது.

மிஸ்டர் கோ போன் செய்தார். முடிந்ததா?
முடிந்தது என்றேன்.
சீட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
எதை என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன்:
ஓட வந்த ஒருத்தி
பெயிண்ட் காய்வதற்குள்
பாதையை விட்டுப் பார்வையை எடுக்காமல்
கொஞ்சம் ஒதுங்கி ஓடினாள்,
எதிரே வந்தவருக்கு வழிவிடுவதுபோல.