கையகலத் தகடு

குவாவ்தெபெக் மேட்டில்
மூன்றாம் கியரில் ஏறுகிறவர் யாருமில்லை.
ஒத்திலியா ஏறுவாள்,
பின்சீட்டில் ஆவி பறக்கும் தமால் அண்டாவோடு.
அந்தச் செவ்வாய்க்கிழமை
அவளுடைய வோச்சோவைக் கயிறு இழுத்துவந்தது.

காற்றே குளிர்விக்கும் எஞ்சின் அது.
தண்ணீர் இல்லை. அதனால்
கொதித்தால் கத்தத் தெரியாது.
வெந்துகொண்டே ஓடும்.

நான்கு போல்ட், ஒரு ஜாக்கி, என் தொடை.
இறக்கிவிட்டோம்.
மூன்றாவது சிலிண்டரின் தலையைக் கழற்றியதும்
எட்டிப் பார்த்த நெமேசியோ
டார்ச்சை அணைத்துவிட்டான்,
குளிக்கிறவரைப் பார்த்துவிட்டவன்போல.
வால்வு முறிந்து
பிஸ்டனின் நெற்றியில் ஓட்டை.
அலுமினியத் துணுக்குகள் எண்ணெயில்
மீன்செதிலாய் மினுங்கின.

எப்போதும் மூன்றாவதுதான் சாகும்.
எண்ணெயை ஆற்றும் பெட்டி
காற்றின் வழியை மறித்து நிற்கிறது.
அதன் முதுகுக்குப் பின்னால் இருப்பதற்கு
பந்திக்குப் பிந்தியவனுக்குக் கிடைப்பதுதான் கிடைக்கும்.
இதைத்தான் அவளிடம் சொல்ல நினைத்தேன்.
இது பொய்யும் இல்லை.

எஞ்சினைக் கவிழ்த்தேன்.
மூன்றுக்கும் நான்குக்கும் அடியில்
ஒரு வெற்றிடம்.

கையகலத் தகடு ஒன்று இருக்க வேண்டிய இடம்.
அதற்கு போல்ட் கிடையாது, திருகு கிடையாது,
வளைத்துச் செருகினால் தன் இறுக்கத்தில் தானே நிற்கும்,
வந்த காற்றை அடிவயிறுவரை சுற்றிப் போகச் செய்யும்.
போன மழைக்காலத்தில்
எண்ணெய் ஒழுகிய குழாய்களை மாற்றியவன்
நான்.

இழுப்பறையைத் திறந்தேன்.
கரிபிடித்த பிளக்குகள், காலாவதியான லாட்டரிச் சீட்டு,
எலிப்புழுக்கை.
அடியில் அது.
எனக்காகக் காத்திருந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
தகடு யாருக்கும் காத்திருக்காது.

பதினோரு இரவு.
ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, கெஞ்சி,
கிராங்க் கேஸை இரண்டாய்ப் பிரித்தேன்.
பேரிங்கின் துளை அதன் முளையில் உட்கார
நாற்பது நிமிடம் பிடித்தது.
உட்காரும் முன் இறுக்கினால் எல்லாம் பாழ்.
மூடியபின் ஒற்றை விரலால் சுற்றிப் பார்த்தேன்:
சுழன்றது, சத்தமே இல்லாமல்.
அச்சின் முன்பின் ஆட்டம்
பத்தில் ஒரு மில்லிமீட்டர், ஒரு தலைமயிர்.
அந்த மயிரிழைக்காக வளையங்களை
மாற்றி மாற்றிப் போட்டு அளந்தேன்.
இந்த அக்கறையில் கால்வாசி
போன மழைக்காலத்தில் இருந்திருந்தால்.

தகட்டைக் கடைசியாகச் செருகினேன்.
பிறகு மறுபடி தொட்டுப் பார்த்தேன்.
பிறகு மறுபடி.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றான் நெமேசியோ.
காரணங்களுக்கா பஞ்சம்?
மலையின் மெலிந்த காற்று. மட்டமான பெட்ரோல்.
எஞ்சினின் வயது. அவளுடைய மூன்றாம் கியர்.
எல்லாமே ஏறக்குறைய பொருந்தின.
ஏறக்குறைய பொருந்துவதை
எஞ்சினில் போடமாட்டேன்.

சனிக்கிழமை வந்தாள். சாவியைத் திருப்பினாள்.
இருமியது, துப்பியது,
விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தது.

"எதனால உடைஞ்சுது?"

"என்னால."

தகட்டின் கதையைச் சொன்னேன்.
எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அணைக்கவில்லை.
என் சீட்டை வாங்கிப் படித்தாள்:
பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கூலி இல்லை,
எல்லாவற்றுக்கும் எதிரே பூஜ்யம்.
பெருந்தன்மையாய்த்தான் தெரிந்தது எனக்கு, அதுவரை.

"பதினோரு நாள்
கைவண்டியில அண்டாவைத் தள்ளினேன்,
இந்த மேட்டுல.
அது எந்த வரியில இருக்கு?"

பேனாவைத் தேடினேன். நெமேசியோ கொடுத்தான்.
அவள் சொன்ன தொகையை
நான் தரவேண்டிய கணக்கில் எழுதிக் கையெழுத்திட்டேன்.
மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

தேவாலய வளைவில் எல்லோரும் கியரைக் குறைப்பார்கள்.
அவள் குறைக்கவில்லை.
ஒன்று, நான்கு, மூன்று, இரண்டு என்று
வெடிப்பின் வரிசையை
வாசலில் நின்று முணுமுணுத்தேன்,
சத்தம் தேய்ந்து அடங்கும்வரை.
ஒவ்வொரு சுற்றிலும்
மூன்றில் என் மூச்சு நின்றது.